ஞாயிற்றுக்கிழமை அக்கா

அக்கா வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து கிளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தேழு வருஷம் கழித்துக் கூடப் பிறந்தவள் வருகிறாள் என்றால் வீட்டை ஒட்டடை அடித்து, மெத்தைக்கு உறை மாற்றி, வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைய வேண்டியதுதானே. கிளி ஒட்டடையும் அடித்தாள், உறையும் மாற்றினாள், பிறகு சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவிடம் சொல்ல வேண்டிய ஒன்றை அவள் வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். சொன்னால் அக்கா இந்தப் படியை மறுபடி மிதிக்க மாட்டாள். சொல்லாவிட்டால், அம்மா தன்னை மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தாள் என்று நம்பிக்கொண்டு மிச்சக் காலத்தையும் ஓட்டுவாள். அம்மா மன்னித்திருந்தாள். அந்த மன்னிப்பு அக்காவுக்குப் போகாமல் நடுவில் குறுக்கே நின்றவள் கிளி.

கிளி என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினாறு வயதில் நாடகக் குழுவில் ஒட்டிக்கொண்டபோது வந்த பெயர் இது. இரும்புக் கடைக்கு மேலே ஒரு வாடகைக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். தரையில் சாக்பீஸால் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் வரைந்திருப்பார்கள். கதவு இல்லாத இடத்தில் யாராவது நடந்துவிட்டால் தாடிக்காரர் சுவரை இடித்த மாதிரி கத்துவார். தாடிக்காரர்தான் குழுவை நடத்தியவர், நாடகங்களை இயக்கியவர். தாடியை எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. அக்கா அங்கே கதாநாயகி. கிளி வெறும் துணைக்கு வந்தவள். டீ குடிக்கிற நேரத்தில் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவாள். ஒருநாள் தாடிக்காரர் இல்லாத சமயம் பார்த்து அவர் குரலில் "லைட்டை அணை" என்றாள். லைட்காரர் பாவம், அணைத்தே விட்டார். அன்றைக்குப் பெயர் நிலைத்தது.

இந்த வாய்க்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அடங்கும் என்று தாடிக்காரர் அவளைப் பிராம்ப்டர் ஆக்கினார். பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச், மடியில் வசன நோட்டு. மேடையில் இருப்பவர் வசனத்தை மறந்தால் முதல் இரண்டு வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் மூக்கை நுழைத்த மாதிரி ஆகிவிடும், தாமதித்தால் மானம் போய்விடும். கிளி ஒரே மாதத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மறக்கப் போகிறவளின் மூச்சு மறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே தடுமாறும். அதற்குப் பிறகு அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முதுகைப் பார்த்தபடி, அக்கா மூச்சு விடும்போது தானும் விட்டாள், இழுக்கும்போது தானும் இழுத்தாள். ஏழு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தால் ஒரு குரல் எலும்புக்குள் இறங்காமல் என்ன செய்யும்?

ஒரு மாலை அக்காவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூட்டம் நிரம்பி வழிகிறது, தாடிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கிளிதான் யோசனை சொன்னாள். அக்கா மேடையில் வாயை மட்டும் அசைத்தாள். கிளி திரைக்குப் பின்னாலிருந்து அக்காவாகப் பேசினாள். இரண்டரை மணி நேரம். ஓர் ஆளுக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் செய்தித்தாளில் அக்காவின் குரலை ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் துண்டைக் கத்தரித்து வைத்திருப்பது அக்கா இல்லை, கிளி.

அப்புறம் அக்கா அந்த லைட்காரரையே கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். அம்மாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கணவன் போன பிறகு இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்த்தவள். பெரியவளை எங்கேயோ கொண்டுபோய் உட்கார வைக்கிற கனவில் இருந்தவள். அக்கா பெட்டியோடு வாசலில் நிற்கும்போது, "இனிமே உன் குரல்கூட என் காதுல விழக் கூடாது" என்றாள். அக்காவுக்கு இருபத்தாறு வயது. அம்மாவின் பிடிவாதத்தில் ஒரு குண்டுமணி குறையாமல் அவளுக்கும் வந்திருந்தது. விழாது என்றாள், போனாள், கடலைத் தாண்டியும் போய்விட்டாள். வருஷப் பிறப்புக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வரும், அதுவும் கிளி வேலை செய்கிற இடத்துக்கு. மூலையில் அக்காவின் போன் நம்பர் எழுதியிருக்கும். அந்த நம்பரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளியிடம் அது எப்போதும் இருந்தது.

அக்கா விட்டுப்போன வேஷங்களையெல்லாம் கிளி போட்டாள். உடைகளை இடுப்பில் பிடித்துத் தைத்தார்கள், அவ்வளவுதான் செலவு. பார்த்தவர்கள் பெரியவளை உரித்து வைத்திருக்கிறாள் என்றார்கள். அவளும் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள். எட்டு வருஷம் அப்படி ஓடிய பிறகு தாடிக்காரர் ஒருநாள் ஒத்திகையை நிறுத்திவிட்டு, "எல்லாம் சரி. நீ எப்பம்மா வருவ?" என்று கேட்டார். இங்கேதானே சார் இருக்கிறேன் என்றாள் கிளி. அவர் நோட்டை மூடிவிட்டார். அந்தக் கேள்வி அவளுக்குப் புரிவதற்குள் ஐம்பது வயது ஆகிவிட்டது.

டப்பிங்குக்கு அவள் போனது தற்செயல், தங்கிவிட்டது சௌகரியம். கதவுக்கு ரப்பர் வைத்த சின்ன அறை, காதில் ஹெட்போன், எதிரே திரையில் யாரோ ஒரு அழகியின் வாய். வளையல் கூடாது, சரசரக்கிற துணி கூடாது, பசியோடு வரவும் கூடாது. வயிறு இரைந்தால் அதையும் மைக் எழுதிக்கொள்ளும். தாளைத் திருப்பினால் சத்தம் வரும் என்று பக்கங்களைத் தனித்தனியாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். உதட்டைப் பிடிக்கப் பார்த்துப் புதியவர்கள் திண்டாடுவார்கள். கிளி உதட்டைப் பார்க்கவே மாட்டாள், தோளைப் பார்ப்பாள். தோள் எழுந்தால் மூச்சு. மூச்சைப் பிடித்தால் குரல் தானாக வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பொத்தான் அண்ணன் "போதும், அடுத்தது" என்பதைத் தவிர வேறு பாராட்டு அறியாதவர். அவரே ஒருமுறை எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். பத்துப் பதினைந்து கதாநாயகிகளுக்கு அவள் அழுதாள், காதலித்தாள், செத்தாள். பிறகு அவர்களுடைய மாமியார்களுக்கு, வில்லிகளுக்கு, பொம்மைப் படத்து அணில்களுக்கு. நடுவில் கல்யாணம் என்று ஒன்றும் நடந்தது; ஓடாத நாடகம் மாதிரி இரண்டு வருஷத்தில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்து அம்மாவோடு இருந்தாள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டியதும் கண் போயிற்று. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கண் போனதும் அம்மாவின் வீம்பும் கூடவே போய்விட்டது. தினமும் சாயங்காலம் வீட்டு போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்காருவாள். பெரியவள் ஏதாவது பேசினாளா என்று கேட்பாள். நீங்களே பேசுங்கள், நம்பர் இருக்கிறது என்று கிளி சொன்னால், நான் ஏன் பேச வேண்டும், நான் பெற்றவள் என்பாள். அடுத்த நாளும் அதே நாற்காலி.

இங்கேதான் கிளி சறுக்கினாள். அக்காவை அழைத்து, அம்மா உன்னைத் தேடுகிறாள், ஒரு வார்த்தை பேசு என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அக்கா முரண்டு பிடிப்பாள், பழையதைக் கிளறுவாள், எதற்கு வம்பு என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, அம்மாவின் மனசு ஆற, என்று முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் காய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கீழே மீட்டர் பெட்டிகள் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், எதிரொலி வராமல் இருக்கத் தலையோடு ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டாள், தூரத்திலிருந்து வருவது போல் இருக்க செல்போன் வாயில் கைக்குட்டையை வைத்து, மேலே வீட்டு போனை அழைத்தாள். தொழிலில் குறை வைக்காதவள். அக்காவின் மூச்சை இழுத்து, "அம்மா, நான் பெரியவ பேசறேன்" என்றாள்.

அம்மா அழுத அழுகையைக் கிளி அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா செத்தபோதுகூட அம்மா அப்படி அழவில்லை. பிறகு சிரித்தாள், பிறகு பேசினாள், முக்கால் மணி நேரம் பேசினாள். கிளி மேலே வந்தபோது அம்மாவின் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. காய் எங்கே என்று கேட்டாள். கிளி வெறும் பையோடு நின்றாள். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமையே காய் வாங்கிப் பையோடு மீட்டர் அறையில் ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு தடவை என்பது மூன்று வருஷம் ஆயிற்று. மழையோ காய்ச்சலோ, ஞாயிறு பதினொரு மணிக்குப் பெரியவளின் போன் வந்துவிடும். அம்மா அதற்காகச் சனிக்கிழமையே தலைக்குக் குளித்துவிடுவாள். கிளிக்கும் அது பிடித்துவிட்டது என்பதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. மற்ற ஆறு நாளும் மாத்திரை, கழிப்பறை, கஞ்சி, சண்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா அவளைக் கண்ணே என்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், சின்ன வயதில் நீ இப்படி, நீ அப்படி என்று கதை கதையாகச் சொல்வாள். எல்லாம் பெரியவளுக்கு. இருந்தால் என்ன, விழுந்தது இவள் காதில்தானே.

அம்மா கிளியைப் பற்றியும் பேசுவாள். "நல்லாத்தான் பார்த்துக்கறா, குறை சொல்லக் கூடாது. ஆனா ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து பேச மாட்டேங்கறா. நீ எங்கேயோ இருக்க, வாரம் தவறாம பேசற. அவ பக்கத்து ரூம்லதான் இருக்கா." மீட்டர் அறையில் சால்வைக்குள் வியர்த்துக்கொண்டே கிளி, அவளுக்கு வேலை அதிகமா இருக்கும்மா என்று தனக்காகத் தானே வக்காலத்து வாங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் தாடிக்காரர் வந்தார். ஒரே பெண் ஒன்றரை மணி நேரம் தனியாக நின்று நடிக்கிற நாடகம், அவளை மனத்தில் வைத்தே எழுதியது. யார் மாதிரியும் செய்யக் கூடாது, நீ பேசுவது போல் பேசு, அது போதும் என்றார். கிளி அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். ஆனால் குழுவில் எல்லோரும் வார நாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். ஒத்திகை ஞாயிறு காலைதான். பத்திலிருந்து ஒன்று வரை. அவள் நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்த்தாள், முடியவில்லை. அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். போனைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் பின்னால் ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். உண்மை என்னவென்றால் அவள் பயந்துவிட்டாள். அக்காவாகப் பேச அவளுக்கு யோசிக்கவே வேண்டாம். தானாகப் பேச எந்த மூச்சை இழுப்பது என்று தெரியவில்லை. அந்த வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் பெயரெடுத்தாள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. ஸ்டூடியோவிலிருந்து வந்து கிளி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கறாராக இருந்தது. "யாரும்மா நீங்க? என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள். டக்கென்று வைத்துவிட்டாள்.

கிளி போனை எடுத்து நம்பரைப் பார்த்தாள். வாழ்த்து அட்டையில் இருந்த நம்பர்.

விஷயம் இவ்வளவுதான். திரையில் இருப்பவளுக்கு வயது முப்பதா நாற்பதா என்று கேட்டு அதற்கேற்பக் குரலில் பாரம் ஏற்றுவதும் இறக்குவதும் கிளியின் பிழைப்பு. அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்கு மேலாக அம்மாவுக்கு ஊட்டியது இருபத்தாறு வயது அக்காவின் குரலை. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். நாற்பத்தைந்து தாண்டிய அக்காவுக்கு, குளிர் தேசத்தில் வேறு மொழி பேசிப் பேசி, குரல் தடித்து இறங்கியிருந்தது. நிஜ அக்கா போனில் வந்தபோது அம்மாவுக்கு அவள்தான் போலியாகத் தெரிந்தாள்.

அந்த நிமிஷமே திருப்பி அழைத்திருக்கலாம். கிளி செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு கீழே மீட்டர் அறை வரைக்கும் போனாள், நம்பரைக்கூட அழுத்தினாள், கடைசி எண்ணில் விரல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா பெரியவளிடம், யாரோ ஒருத்தி உன் பேரைச் சொல்லிப் பேசினாள், நான் திட்டி வைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாள். அதற்குக் கிளி, அக்காவின் குரலில், "நல்ல வேலை செஞ்சீங்கம்மா" என்றாள். இவ்வளவு பெரிய வாழ்க்கையில் அவள் பேசிய லட்சக்கணக்கான வசனங்களில் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.

எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். கிளி அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். என் குரலே வேண்டாம் என்றவங்களுக்கு என் முகம் எதற்கு என்று பதில் வந்தது. அக்கா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போது விளங்கியது. அன்றைக்கு வாசலில் சொன்ன வார்த்தையை அம்மா கடைசி வரை காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். கிளி அதைத் திருத்தவில்லை.

நாலு வருஷம் கழித்து இப்போது நாடகக் குழுவுக்கு ஐம்பதாவது ஆண்டு. தாடிக்காரர் பழைய ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். லைட்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோயிருந்தார். அக்கா தனியாக வந்தாள். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வாசலில் நின்று, "இளைச்சிட்டடி" என்றாள். கிளி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அந்தப் புதன்கிழமை அம்மா போனில் கேட்டது இந்தக் குரலைத்தான்.

சனிக்கிழமை காலை விழா. கிளிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். குரல்களைப் பேசிக் காட்டச் சொன்னார்கள். அணில் பேசினாள், மாமியார் பேசினாள், கூடம் குலுங்கியது. போதாதென்று தாடிக்காரர் மைக்கைப் பிடுங்கி, முன்வரிசையைக் காட்டி, அக்கா வந்திருக்கிறாள், அக்கா மாதிரி ஒன்று என்றார். கிளி முடியாது என்று தலையாட்டினாள். கைதட்டல் விடவில்லை. முன்வரிசையில் அக்காவே சிரித்துக்கொண்டு தட்டினாள். வேறு வழியில்லாமல் கிளி அந்த மூச்சை இழுத்தாள். பழைய நாடகத்திலிருந்து நாலு வரி. பேசி முடித்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வீட்டில் இருவரும் சமையலறையில் டீ குடித்தார்கள். அக்கா நல்ல மனநிலையில் இருந்தாள். தன் குரல் ஒரு காலத்தில் அவ்வளவு இனிப்பாக இருந்ததே மறந்துவிட்டது, இப்போது ஓட்டை வாளி என்று சிரித்தாள். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தடவை அம்மாகிட்ட பேசினேன், தெரியுமா. யாரும்மா நீங்கன்னு கேட்டு வச்சிட்டாங்க. இன்னிக்கு நீ பேசின குரல்ல பேசியிருந்தா ஒருவேளை வச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். கிளி சிரித்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போயிருக்கலாம்.

"வைக்கலக்கா," என்றாள். "மூணு வருஷம் பேசினாங்க."

மீட்டர் அறை, சால்வை, கைக்குட்டை, காய்ப் பை, புதன்கிழமை, "நல்ல வேலை செஞ்சீங்கம்மா" எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் அழகாக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. கடைசியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள், அம்மா என்ன சொன்னாள் என்று.

"போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அன்னிக்கு வாசல்ல சொன்னது வாய் தவறி வந்துடுச்சு, மன்னிச்சிடுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அதெல்லாம் அப்பவே மறந்துட்டேம்மான்னு சொன்னேன்."

"நான் மறக்கலையே," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இருபது வருஷம் மறக்கல. அதைச் சொல்லி அழுதுட்டு, நானும் மன்னிப்புக் கேட்கணும்னுதான் அந்தப் புதன்கிழமை போன் பண்ணினேன். அவங்க கேட்டது எனக்கு வரல. நான் கேட்க வந்தது அவங்களுக்குப் போகல. ரெண்டையும் நீயே வச்சிக்கிட்ட."

அம்மா சொன்னதை அம்மா குரலிலேயே சொல்லிக் காட்டட்டுமா என்று கிளிக்கு வாய் வரை வந்தது; அதையும் செய்ய அவளால் முடியும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை போக வேண்டியவள் ஞாயிறே கிளம்பிவிட்டாள். வண்டி வந்தபோது மணி பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். மாடியிலிருந்து கிளி பார்த்துக்கொண்டே நின்றாள், அக்கா அண்ணாந்து பார்க்கவில்லை.

மூன்று வாரம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குட்டையும் இல்லாமல் சால்வையும் இல்லாமல், அம்மா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து கிளி அந்த நம்பரை அழுத்தினாள். கடைசி எண் வரை. அக்கா எடுத்தாள்.

"அக்கா, நான்தான்."

மறுமுனையில் ஒரு மூச்சு இழுபட்டது. வசனம் மறந்தவளின் மூச்சு வேறு. வசனம் நன்றாகத் தெரிந்து, சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு வேறு. கிளிக்கு இது எது என்று தெரியாமல் இருக்குமா.

"யாரும்மா நீங்க?"

"உன் தங்கச்சி பேசறேன்க்கா."

"என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

அக்கா பழி வாங்கத்தான் சொன்னாள். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், அக்காவுக்குத் தெரியாதுதான். இருபத்துமூன்று வயது வரை ஊரில் இருக்கிற எல்லோர் மாதிரியும் பேசித் திரிந்த ஒருத்தியைத்தான் அவள் விட்டுப்போனாள். அம்மாவுக்கும் தெரியாது. தாடிக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போனார்.

அடுத்த ஞாயிறும் அழைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும். அக்கா ஒவ்வொரு தடவையும் எடுக்கிறாள், யாரும்மா என்று கேட்கிறாள், வைக்கிறாள். கேள்விக்கும் வைப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுக்கிற அளவு இடைவெளி. அந்த அளவு கிளிக்குக் கை வந்தது. இப்போதெல்லாம் அதற்குள் அம்மா சொன்ன ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறாள், யார் குரலும் இல்லாமல், தட்டுத் தடுமாறி. ஒரு வாரம், நீ விட்டுப்போன மஞ்சள் குடையை அம்மா யாரையும் தொட விடவில்லை என்றாள். ஒரு வாரம், லைட்காரர் நல்ல பையன்தான் என்று அம்மா ஒத்துக்கொண்டாள் என்றாள். மூன்று வருஷ ஞாயிறுகள் அவளிடம் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க முடியும்.

போன ஞாயிறு சொன்னது, உன் பிறந்த நாளன்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சாப்பிட மாட்டாள் என்பது. அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது, கொஞ்சம் தடுமாறி. பிறகு வைத்துவிட்டாள். கிளி பையை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை நிஜமாகவே, காய் வாங்கப் போனாள்.